இரண்டாயிரம் கலோரி யாருக்கு?

பிஸ்கட், சிப்ஸ், மிக்சர் என எந்தப் பொட்டலத்தைத் திருப்பினாலும் பின்பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். ஒரு முறை உண்ணும் அளவில் எத்தனை கிலோகலோரி, அது ஒரு நாள் தேவையில் எத்தனை விழுக்காடு என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அந்த விழுக்காட்டுக்கு அடிப்படையாக இருக்கும் எண் 2,000. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், சராசரிப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி என்று கொண்டு கணக்கிடச் சொல்கின்றன.

ஒன்பதாம் வகுப்பில் உணவூட்டம் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது, வீட்டிலிருந்து ஒரு காலிப் பொட்டலம் கொண்டுவரச் சொல்கிறேன். மயிலாப்பூர்ப் பகுதியில் உள்ள எங்கள் பள்ளியில் இதற்குச் செலவே இல்லை. ‘அந்தச் சராசரிப் பெரியவர் யார்? அவர் ஆணா, பெண்ணா? என்ன எடை? என்ன வேலை செய்கிறார்?’ என்ற கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் தானாக நகரத் தொடங்கும். அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் இணைந்து நடத்த ஏற்ற பாடம் இது. மூன்று அல்லது நான்கு பாடவேளைகள் தேவைப்படும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பம் ஒரு கிலோகலோரி. பேச்சில் நாம் ‘கலோரி’ என்று சொல்வதெல்லாம் இந்தக் கிலோகலோரிதான். இயற்பியல் பாடத்தில் வரும் கலோரி இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தாவிட்டால் பின்னால் குழப்பம் வரும். இந்தக் கட்டுரையிலும் கலோரி என்றால் கிலோகலோரியே.

குன்னூரில் தொடங்கிய அட்டவணை

இந்தியர்களுக்கான ஊட்டச்சத்துத் தேவைகளை வகுத்துத் தருவது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது பிறந்த இடம் நம் மாநிலம் என்பதை மாணவர்களிடம் சொல்லலாம். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு பிரிவுதான் அது. 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது.

அந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் 2,110, மிதமான உழைப்பு என்றால் 2,710, கடின உழைப்பு என்றால் 3,470 கலோரி என்று குறிப்பிடப்பட்டுள்ளது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இதே வரிசையில் 1,660, 2,130, 2,720. ஆக, ஆறு எண்கள். 2,000 அவற்றில் எதுவுமில்லை.

இந்த ஆறு எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். உட்கார்ந்த வேலைக்கு 1.4, மிதமானதற்கு 1.8, கடினமானதற்கு 2.3 என்ற மூன்று பெருக்கெண்களையும் கொடுத்து, ஒவ்வொரு தேவையையும் அதன் பெருக்கெண்ணால் வகுக்கச் சொல்லுங்கள். ஆணுக்கு 1,507, 1,506, 1,509 என்று வரும். பெண்ணுக்கு 1,186, 1,183, 1,183 என்று வரும். மூன்று வெவ்வேறு எண்களுக்குள் ஒரே எண் ஒளிந்திருப்பதை மாணவர்களே கண்டுபிடிக்கிறார்கள். அந்த எண்தான் அடிப்படை வளர்சிதை மாற்றம். உண்ணாமல், அசையாமல், விழித்தபடி படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை இயங்க ஒரு நாளில் செலவாகும் ஆற்றல் அது. வரையறையை முதலில் சொல்லிவிட்டு எண்ணைக் காட்டுவதைவிட, எண்ணைக் கண்டுபிடிக்கவைத்து அதற்குப் பெயர் சூட்டும்போது இப்பாடம் மனத்தில் நிற்கிறது.

நம் எடை 65ஆகவோ 55ஆகவோ இல்லையென்றால்? உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து 2004இல் வெளியிட்ட நேரியல் சமன்பாடுகள் உள்ளன. 30 முதல் 60 வயதுப் பெண்களுக்கு எடையை 8.126ஆல் பெருக்கி 845.6ஐக் கூட்ட வேண்டும். அதே வயது ஆண்களுக்கு 11.472ஆல் பெருக்கி 873.1ஐக் கூட்ட வேண்டும். 18 முதல் 30 வயதுப் பெண்களுக்கு இவ்விரு எண்களும் 14.818, 486.6, ஆண்களுக்கு 15.057, 692.2. இந்தியப் பெரியவர்களின் அடிப்படைச் செலவு இதைவிடச் சுமார் 10 விழுக்காடு குறைவு என்று நம் வல்லுநர் குழு கொள்வதால், விடையை 0.9ஆல் பெருக்க வேண்டும். 65 கிலோ ஆணுக்குச் செய்து பாருங்கள்: 1,504. வகுத்துக் கண்டுபிடித்த எண்ணுக்கு மிக அருகில் வருகிறது.

ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். வயது 45, எடை 64 கிலோ. 8.126ஐ 64ஆல் பெருக்க 520. அத்துடன் 845.6ஐக் கூட்ட 1,366. அதில் பத்தில் ஒன்பது பங்கு 1,229. இதை 1.4ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு 1,721 கலோரி. மிதமான உழைப்பு என்று சொல்லி 1.8ஆல் பெருக்கினால் 2,212. இரண்டுக்கும் இடையே 491 கலோரி வேறுபாடு. அதாவது, எந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறோம் என்பதைவிட, ‘நான் எவ்வளவு உழைக்கிறேன்’ என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதே விடையை அதிகம் மாற்றுகிறது. கைப்பேசிச் செயலிகளில் ஒரே தொடுகையில் கடந்துபோகும் அந்தக் கட்டத்தில்தான் பெரும்பிழை நேர்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்னர் வெளியிட்ட தொழில் வகைப்பாட்டில், உட்கார்ந்து வேலை செய்வோர் பட்டியலில் தையல்காரரோடு ஆசிரியரும் இருக்கிறார். நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தும் நமக்கு இது சற்று நெருடும்தான். மாணவர்களிடம் சொன்னால் வகுப்பே சிரிக்கும். மிதமான உழைப்பில் மீனவர், கொத்தனார், தச்சர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் வருகிறார்கள். கடின உழைப்பில் கல் உடைப்போர், கொல்லர், மரம் வெட்டுவோர் வருகிறார்கள்.

நம் மாணவர்களின் வீடுகளில் இந்த வரிசைகள் எல்லாமே உண்டு. நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க்குப்பத்திலும் வலை இழுப்பவர், ரங்கநாதன் தெருவில் மூட்டை சுமப்பவர், மாட வீதியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர், அடையாற்றில் நான்கு வீடுகளில் வேலை பார்ப்பவர் என எல்லாரும் இருக்கிறார்கள். ஆகவே வீட்டில் உள்ள ஒரு பெரியவரின் 24 மணி நேரத்தை எழுதி வரச் சொல்கிறேன். தூக்கத்துக்கு 1, உட்கார்ந்திருப்பதற்கு 1.3, நின்று செய்யும் இலகுவான வேலைக்கு 2, வீட்டு வேலைக்கு 2.5, சற்று வேகமான நடைக்கு 3.5 என்ற தோராய மதிப்புகள் வகுப்புக்குப் போதும்.

தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் 24 வயதுப் பெண் ஒருவரின் நாளை இப்படி எழுதலாம்: தூக்கம் 8 மணி, கடையில் நின்றபடி 10 மணி, பேருந்தில் 2 மணி, வீட்டு வேலை 2 மணி, ஓய்வு 2 மணி. ஒவ்வொன்றையும் அதன் மதிப்பால் பெருக்கிக் கூட்டினால் 38.2; 24ஆல் வகுத்தால் 1.59. இது 1.4உம் இல்லை, 1.8உம் இல்லை. அவருடைய எடை 50 கிலோ என்றால் தேவை சுமார் 1,757 கலோரி. ‘கடையில் சும்மா நிற்கிற வேலைதானே’ என்று 1.4ஐப் போட்டால் 210 கலோரி குறைந்துபோகும். கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதையும் இந்த இடத்தில் பேசலாம். சமூக அறிவியல் ஆசிரியரும் வந்து சேர்ந்துகொள்வார்.

பத்து ஆண்டில் 47 கிலோ

எடையைக் குறைக்க நினைக்கும் பெரியவர்கள் அடுத்துச் செய்வது கழித்தல். இதையும் கணக்காகவே பார்க்கலாம். உடலின் கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 87 விழுக்காடு கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. ஆகவே ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் 7,800 கலோரி அளவு இருக்கும். வழக்கமாக 7,700 என்று சொல்வார்கள்.

முதலில் நடை. கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போய்த் திரும்பினால் ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர். 64 கிலோ எடையுள்ள நம் ஆசிரியை இதை ஒரு மணிக்கும் சற்று அதிகமான நேரத்தில் நடந்தால், சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் ஆற்றலைக் கழித்து, கூடுதலாகச் செலவாவது 175 கலோரி அளவுதான். நடைக்குப் பின் மயிலாப்பூரில் காபி குடிக்காமல் வீடு திரும்புவோர் குறைவு என்பதால் காபியையும் கணக்கிடுவோம். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்ற விதியே போதும். நீலநிறப் பொட்டலத்துச் சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 விழுக்காடு, கொழுப்பல்லாத திடப்பொருள் 8.5 விழுக்காடு. இதன்படி 100 மில்லியில் 58 கலோரி அளவு. ஆரஞ்சு நிறப் பொட்டலத்து நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 விழுக்காடு. அதில் 87 அளவு. இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை 10 கிராம் என்றால் 40 கலோரி. ஆரஞ்சுப் பாலில் போட்ட ஒரு டம்ளர் காபி 127 கலோரி. கடற்கரை நடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதிலேயே திரும்பி வந்துவிடுகிறது. நடையின் பயன் இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் என்று வேறு இடங்களிலும் இருக்கிறது. எடை ஒன்றையே வைத்து நடையை அளப்பது சரியில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இனி கழித்தல். தினமும் ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரையைக் குறைத்தால் 100 கலோரி மிச்சம். ஆண்டுக்கு 36,500. அதை 7,700ஆல் வகுத்தால் 4.7 கிலோ. ‘அப்படியே பத்து ஆண்டு போனால்?’ என்று கேளுங்கள். 47 கிலோ குறைந்து, ஆசிரியையின் எடை 17 கிலோ ஆகிவிடும்! எங்கோ தவறு இருக்கிறது என்று வகுப்பே உணரும் இடம் இது.

தவறு எங்கே என்பதற்கான பதில் முதலில் பார்த்த சமன்பாட்டிலேயே இருக்கிறது. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது. 8.126, 0.9, 1.4 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 10.24. அதாவது, ஒரு கிலோ குறையும்போது நாளின் தேவை பத்து கலோரி குறைகிறது. சுமார் பத்து கிலோ குறைந்ததும் அந்த 100 கலோரி வேறுபாடு மறைந்து, எடை அங்கேயே நிலைகொள்ளும். உண்மையான உடல் இதைவிடவும் விரைவாக ஈடுசெய்துகொள்கிறது. கெவின் ஹால் குழுவினர் 2011இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கணக்கீட்டின்படி, நாளொன்றுக்கு 100 கலோரி குறைத்தால் இறுதியில் குறையும் எடை நான்கு கிலோவை ஒட்டியதுதான். அதில் பாதி முதல் ஆண்டில் குறையும். பெரும்பகுதி முடிய மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரே வரைபடத்தாளில் நேர்கோட்டையும் வளைந்து படியும் கோட்டையும் வரையச் சொன்னால், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நேரியல் சார்பின் எல்லை எதுவென்று புரியும். ‘மாதத்தில் பத்து கிலோ’ என்று பேருந்து நிறுத்தங்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களை அவர்களே கணக்கிட்டுப் பார்ப்பார்கள்.

மாணவர்களுக்கு இந்தக் கழித்தல் வேண்டாம்

இதுவரை சொன்னது அத்தனையும் பெரியவர்களுக்கானது. வகுப்பில் இதை அழுத்தமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் சில வாரங்களாக மதிய உணவைத் தோழிகளுக்குக் கொடுத்துவந்தார். விசாரித்தபோது, அக்காவின் கைப்பேசிச் செயலி தமக்கு 1,200 கலோரி போதும் என்று சொன்னதாகக் கூறினார். அந்த எண் எப்படி வந்திருக்கும் என்று பார்ப்போம். பல செயலிகள் பயன்படுத்துவது 1990இல் வெளியான மிஃப்ளின் சமன்பாடு. எடையின் பத்து மடங்கு, உயரத்தின் 6.25 மடங்கு ஆகியவற்றைக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கையும், பெண் என்றால் 161ஐயும் கழிக்க வேண்டும். 14 வயது, 45 கிலோ, 152 சென்டிமீட்டர் என்று கொடுத்தால் 1,169. இலகுவான உழைப்புக்கு 1.375ஆல் பெருக்க 1,607. எடைக் குறைப்புக்கு 500ஐக் கழிக்க 1,107. இதற்கும் கீழே போகக் கூடாது என்று பல செயலிகள் 1,200இல் நிறுத்திக்கொள்கின்றன. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் அந்தச் சமன்பாடு பெரியவர்களை அளந்து உருவாக்கப்பட்டது.

13 முதல் 15 வயதுச் சிறுமிக்கு நம் 2020 பரிந்துரை சொல்லும் அளவு 2,400 கலோரி. செயலி சொன்னது அதில் சரிபாதி. அந்த வயதுச் சிறுவனுக்கு 2,860. 16 முதல் 18 வரை சிறுவனுக்கு 3,320, சிறுமிக்கு 2,500. 10 முதல் 12 வரை சிறுவனுக்கு 2,220, சிறுமிக்கு 2,060. ஏழு முதல் ஒன்பது வயதுக்கு 1,700. நான்கு முதல் ஆறு வயதுக்கு 1,360. பெருக்கெண் 1.4இல் வேலை பார்க்கும் 55 கிலோ பெண்ணைவிட, எட்டு வயதுக் குழந்தைக்குத் தேவை சற்று அதிகம் என்பது தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும் வியப்பாக இருக்கும். குழந்தையின் உடலில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆகும் அடிப்படைச் செலவு பெரியவர்களைவிட அதிகம். ஓட்டமும் விளையாட்டும் அதிகம். இந்த எண்கள் அந்தந்த வயதுக் குழுவின் சராசரி, ஒவ்வொரு பிள்ளையும் எட்ட வேண்டிய இலக்கு அல்ல. ஆயினும் அதில் பாதியை உண்டு நாள்களைக் கடத்தும் பெண்பிள்ளைக்கு மாதவிடாய் தடைப்படலாம். எலும்பு உறுதிபெறும் ஆண்டுகளில் அது உறுதிபெறாமல் போகலாம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு எடை மிகுதி. ஒரே வீட்டில் அம்மாவின் சிக்கல் ஒன்றாகவும் மகளின் சிக்கல் வேறொன்றாகவும் இருக்கலாம். அம்மாவின் உணவுத் திட்டத்தை மகள் பின்பற்றக் கூடாது.

ஆகவே சில எச்சரிக்கைகள். எடை பார்க்கும் கருவியை இந்தப் பாடத்துக்காக வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டாம். மாணவர்கள் தங்கள் எடையை எழுதவோ சொல்லவோ தேவையில்லை. வயது, எடை, தொழில் எழுதிய கற்பனை மனிதர்களின் அட்டைகளைக் கொடுத்தாலே போதும். பருமனாக இருக்கும் பிள்ளையை எடுத்துக்காட்டாகச் சொல்வது கூடவே கூடாது. பிள்ளை தொடர்ந்து உணவைத் தவிர்ப்பது தெரிந்தால் வகுப்பில் கேட்காமல் தனியே பேசி, பெற்றோரிடமும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்ல வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகத் தொடங்கும் மேல்நிலை மாணவர்கள் புரதப்பொடி பற்றிக் கேட்பார்கள். 16 முதல் 18 வயதுச் சிறுவனுக்குப் பரிந்துரைக்கப்படும் புரதம் நாளொன்றுக்குச் சுமார் 55 கிராம். சோறு, பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் அது எப்படிச் சேர்கிறது என்று அவர்களையே கூட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

மதிய உணவுத் தட்டு

கழித்தலுக்கு மாற்றாக மாணவர்களுக்குக் கூட்டல் கணக்கு கொடுக்கலாம். அதற்கு மதிய உணவைவிட நல்ல பொருள் கிடையாது. தி.நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரலாம் என்பது அந்தத் தீர்மானம். பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவுத் திட்டம் என்று நீளும் வரலாற்றின் முதல் பக்கம் நாம் தினமும் கடந்துபோகும் சாலையில்தான் எழுதப்பட்டது. அன்று அளவு அணாவில் இருந்தது. இன்று கலோரியில் இருக்கிறது.

தேசிய அளவிலான மதிய உணவு நெறிமுறை, தொடக்க வகுப்புக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் வேண்டும் என்கிறது. பொருளாகச் சொன்னால் தொடக்க வகுப்புக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய்கறி 50, எண்ணெய் 5 கிராம். மேல்வகுப்புக்கு இவை 150, 30, 75, 7.5. அரிசிக்கு 100 கிராமுக்கு 350 கலோரி, பருப்புக்கு 340, எண்ணெய்க்கு 900, காய்கறிக்கு 30 அளவு என்று கொடுத்து மாணவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். தொடக்க வகுப்புக்கு 350, 68, 45, 15, மொத்தம் 478. மேல்வகுப்புக்கு 525, 102, 67.5, 22.5, மொத்தம் 717. ஒரு முட்டை சேர்ந்தால் இன்னும் 75 அளவு கூடும். ஐந்தாம் வகுப்பு முதலே இதைச் செய்ய முடியும். மூன்றாம் நான்காம் வகுப்பில் கலோரி என்ற சொல்லே வேண்டாம். அரிசியையும் பருப்பையும் தராசில் நிறுத்துக் காட்டினாலே அளவுகள் பாடம் நடந்துவிடும்.

எட்டாம் வகுப்பில் கடைசிப் பாடவேளையை இதற்கு ஒதுக்குகிறேன்: 13 வயதுச் சிறுமியின் 2,400 கலோரியில் மதிய உணவின் 700 போக மீதி 1,700. பள்ளியின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆகவே இந்த 1,700ம் காலையிலும் மாலையிலும் இரவிலும் வீட்டிலிருந்து வர வேண்டும். மாணவர்கள் தங்கள் வீட்டில் உண்மையில் சமைப்பதை வைத்து, அரிசி, பருப்பு, எண்ணெய், பால், வேர்க்கடலை, வாழைப்பழம் என்று எழுதி அந்த இடத்தை நிரப்புகிறார்கள். காலை உணவு இல்லாமல் வருபவர்கள் இரவுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல் எழுத வேண்டியிருக்கும். அந்தத் தாள்களை மதிப்பெண் இடாமல் வாங்கி வைத்துக்கொள்கிறேன். யாருடைய தாளில் காலை என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் அவர்களைத் தனித்தனியே பார்த்துப் பேசுகிறேன்.